முகமறியா நண்பர் சொன்ன பாட்டு

காஜாங்கிலோ கிள்ளானிலோ இருக்கும் ஒரு தமிழ் ரசிகர், இதுவரை கேட்டிராத ஒரு பாட்டைப் பற்றி இன்று முதலில் எங்கே கேள்விப்படுகிறார்? வானொலியில் என்று பதில் வந்த காலம் உண்டு; கடையில் என்று வந்த காலமும் உண்டு. இப்போது பெரும்பாலும் கைப்பேசியில்தான், அதுவும் நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர் அனுப்பிய சுட்டியின் வழியாக. தட்டுகிறார், கேட்கிறார், பிடித்துப்போகிறது, தன் பங்குக்கு நாலு பேருக்கு அனுப்பிவைக்கிறார். டொரொண்டோவிலிருந்து காஜாங் வந்த பாட்டு, அன்று மாலைக்குள் கோயம்புத்தூருக்கும் போய்விடுகிறது. பாடியவர் கைக்கு என்ன வந்தது?

இணைய நட்பின் வழியே இசை பரவுவதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே விவாதத்தில் நின்றுவிடுகிறார்கள்: நண்பர் சொல்லும் பாட்டு உயர்ந்ததா, செயலியின் கணக்கு பொறுக்கித் தரும் பாட்டு உயர்ந்ததா? அந்த விவாதத்துக்கும் இங்கே இடமுண்டு. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் இசையை வைத்துப் பார்க்கும்போது எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. பாட்டைச் சொல்பவரும் விற்பவரும் ஒரு காலத்தில் ஒரே ஆளாக இருந்தார்கள். இணையம் அவர்களைப் பிரித்தது. சொல்வது பெருகியது, வாங்குவது தேய்ந்தது. அந்தப் பிரிவு எப்படி நேர்ந்தது, எங்கே மறுபடி ஒட்டுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

சொன்னவரே விற்ற காலம்

சாத்தேக்கும் எம்ஆர்டி முனையத்துக்கும் இன்று பெயர் பெற்ற காஜாங், அதற்கு முன் இஞ்ச் கென்னத் போன்ற ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். லயத்து வீடுகளுக்குத் தமிழ்ப் பாட்டைக் கொண்டுவந்தது வானொலி. இன்றைய மின்னல் எஃப்எம்மின் முன்னோடியான அரசு வானொலியின் தமிழ்ப் பிரிவில் நேயர் விருப்பம் ஒலித்தபோது, பாட்டுக்கு முன்னால் கேட்டவர்களின் பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டன. தைப்பிங்கில் யாரோ ஒருவர், சிகாமட்டில் யாரோ ஒருவர். ஒரே ஆள் வாராவாரம் நல்ல பாட்டாகக் கேட்டால் அவர் பெயர் நம் மனதில் பதிந்துவிடும். அடுத்த முறை அந்தப் பெயரைக் கேட்டதும் ஒலியைக் கூட்டி வைப்போம். முகமறியா நண்பரின் பரிந்துரை நமக்கு இணையம் கற்றுத்தந்த பழக்கம் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஒலிநாடா வந்தபோது அந்த வேலை கடைக்காரருக்கு மாறியது. பிரிக்ஃபீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தன், மஸ்ஜித் இந்தியா, கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானா ஆகிய மூன்று கடைத்தெருக்களிலும் ஒலிபெருக்கியை வாசலில் வைத்துப் பாட்டுப் போட்ட கடைகள் இருந்தன. வெற்று நாடாவோடு ஒரு காகிதத்தில் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் சில நாளில் பதிவு செய்து தருவார்கள். அறுபது நிமிட நாடா என்றால் பக்கத்துக்கு ஆறு அல்லது ஏழு பாட்டு. பட்டியலில் இருக்கும் பாட்டெல்லாம் முடிந்து நாடாவில் மூன்று நான்கு நிமிடம் மிஞ்சும் இல்லையா? அந்த இடத்தில்தான் நல்ல கடைக்காரரின் அருமை தெரியும். நாம் கேட்காத ஒரு பாட்டை அவரே சேர்த்துவிடுவார். பட்டியலை வைத்தே நம் ருசியைக் கண்டுபிடித்து, ஜானகி இவ்வளவு கேட்கிறவருக்கு ஜென்சியையும் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்த வேலை அது. அந்த ஒரு பாட்டு பிடித்துப்போய், அதன் படத்தின் முழு நாடாவையும் வாங்க அதே கடைக்கு மறுபடி போவோம்.

இந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. பட்டியல் போட்டுப் பதிந்த நாடாவிலிருந்து இசையமைப்பாளருக்கோ பாடியவருக்கோ எதுவும் போனதில்லை. பீட்டர் மேனுவல் 1993-இல் வட இந்திய ஒலிநாடாக்களைப் பற்றி எழுதிய நூலில் இரண்டையும் சேர்த்தே காட்டுகிறார்: நாடா மலிவானதால் பெரிய கம்பெனியின் பிடி தளர்ந்து வட்டார இசைக்கு வாசல் திறந்தது, அதே மலிவு திருட்டுப் பதிப்புக்கும் வாசலாயிற்று. இங்கும் அதுதான் நடந்தது. உள்ளூர்த் தமிழ்க் குழுக்கள் சொந்தப் பாட்டை நாடாவில் பதித்து விற்க முடிந்ததும் அந்த மலிவால்தான்.

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. ஒரே லயத்தில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் ஆளுக்கொரு தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் பிரிந்து போனார்கள். நாடாவை மாற்றிக்கொள்ளப் பக்கத்து வீட்டில் ஆள் இல்லாமல் போன அதே ஆண்டுகளில்தான் இணையம் வீட்டுக்குள் வந்தது.

கேட்பதற்கு முன் படித்த பாட்டு

மிமோஸ் நிறுவனத்தின் ஜாரிங் 1992-இலும் டிஎம்நெட் 1996-இலும் மலேசியர்களுக்கு இணைய இணைப்புத் தரத் தொடங்கின. தமிழைக் கணினியில் எழுதும் வசதியில் மலேசியா முன்வரிசையில் இருந்தது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இங்கே பிறந்தது. மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய பாலா பிள்ளை 90களின் நடுவில் தொடங்கிய தமிழ் இணையக் குழுமத்தில், உலகின் பல மூலைகளிலிருந்து தமிழர்கள் தமிழிலேயே மடல் எழுதிக்கொண்டார்கள். இன்னொரு பக்கம் தமிழ்த் திரையிசைக்கென்றே தனி இணைய இடங்கள் உருவாகி, இளையராஜாவின் ஒரு பாட்டை வரிவரியாக, இடையிசை இடையிசையாகப் பிரித்துப் பேசின.

அந்தப் பேச்சின் தரத்தை இன்று நினைத்தாலும் மதிப்புக் கூடுகிறது. அந்தத் தரத்துக்கு ஒரு முக்கியமான காரணம் இணைப்பின் வேகக்குறைவே. தொலைபேசிக் கம்பி வழியே ஒரு பாட்டு இறங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் வீட்டுக்கு அழைப்பு வந்தால் எல்லாம் போச்சு. அதனால் பாட்டை அனுப்ப முடியாதவர்கள் அதைச் சொல்லால் கேட்கவைத்தார்கள். எந்த ராகத்தின் சாயல், இரண்டாவது சரணத்துக்கு முன் புல்லாங்குழல் எங்கே நுழைகிறது, பின்னணியில் கோரஸ் எதற்கு என்றெல்லாம் எழுதி, படிப்பவருக்குப் பசியைக் கிளப்பிவிட்டார்கள். பசி வந்தவர் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய்த் தேடினார்.

தேடியதெல்லாம் கிடைத்ததா? இங்குதான் சொல்பவருக்கும் விற்பவருக்கும் இடையே முதல் விரிசல். ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2003 ஏப்ரலில் அமெரிக்காவில் திறந்தது. மலேசியாவுக்கு வந்தது 2012 ஜூனில். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் கலிபோர்னியாவில் இருந்த நண்பர் ஒரு ஆல்பத்தைப் புகழ்ந்து எழுதினால், அவர் ஒரு டாலருக்கு வாங்கிய பாட்டை நாம் இரண்டு டாலர் கொடுக்கத் தயாராக இருந்தாலும் வாங்க முடியாது. குறுந்தட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். கடன் அட்டை வேண்டும், அஞ்சல் கட்டணம் தட்டின் விலையைத் தொடும், வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே நண்பரே ஒரு பிரதி எடுத்து அனுப்பினார். இல்லாவிட்டால் பாசார் மாலாமில் திருட்டுத் தட்டுக் கிடைத்தது. அரசு 2000-இல் ஒளித்தட்டுச் சட்டம் கொண்டுவந்தது, அசல் தட்டுகளில் ஹோலோகிராம் ஒட்டச் சொன்னது. ஆனாலும் சந்தைக் கடைகளில் வியாபாரம் நடக்கத்தான் செய்தது. ரசிகர்களிடம் நேர்மை குறைந்துவிட்டது என்று அப்போது பத்திரிகைகள் வருந்தின. வாங்க வழியே இல்லாத இடத்தில் வாங்கவில்லை என்று குற்றம் சாட்டியது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. கோப்புப் பகிர்வால் விற்பனை சரிந்ததா என்பதில் பொருளியலாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை: ஓபர்ஹோல்சர்-கீயும் ஸ்ட்ரம்ஃபும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, அதன் பாதிப்பு புள்ளியியல்படி பூஜ்யத்திலிருந்து வேறுபடுத்த முடியாத அளவு சிறியது என்றது, லீபோவிட்ஸ் போன்றோர் அதைக் கடுமையாக மறுத்தார்கள். எப்படியிருந்தாலும், பத்தாண்டுக் காலம் விலை கொடுக்காமல் கேட்டுப் பழகிய காது, கடை திறந்த பிறகும் பழக்கத்தை விடவில்லை.

இதற்கு நடுவே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். இளையராஜா புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு பதிவு செய்த திருவாசகம் 2005-இல் வெளிவந்தது. தமிழ் மையம் என்ற அமைப்பு முன்னின்று தயாரித்தது. படம் இல்லை, நடிகர் இல்லை, தட்டு விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். அதை அசலாகவே வாங்க வேண்டும் என்று இணைய நண்பர்கள் ஒருவரையொருவர் வற்புறுத்தினார்கள். வாங்கியவர்கள் தட்டின் படத்தைப் போட்டார்கள், வாங்காதவர்களுக்குக் கூச்சமாயிற்று. தட்டுக் கிடைக்காத ஊர்க்காரர்களுக்கு மற்றவர்கள் வாங்கி அனுப்பினார்கள். நல்ல இசை என்று மட்டும் சொல்லாமல் இதற்கு நாம் காசு கொடுக்காவிட்டால் வேறு யாரும் கொடுக்க மாட்டார்கள் என்றும் சொன்னபோது, பரிந்துரை கடைவாசல் வரை போனது.

வல்லவன் போன பாதை

மலேசியாவின் சொந்தத் தமிழ் இசைக்கு வருவோம். 1998-இல் போயட்டிக் அம்மோ குழுவின் முதல் ஆல்பம் வந்தபோது அதில் ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டனீஸ் ஆகிய மொழிகள் கலந்திருந்தன. அக்குழுவின் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரோடு நட்சத்ரா என்ற பெயரில் 2006-இல் வெளியிட்ட வல்லவன் ஆல்பம் முழுக்கத் தமிழ் ராப். நிழல்கள் படத்துக்காக இளையராஜா 1980-இல் போட்ட மடை திறந்து பாட்டை அடியாகக் கொண்டு அவர்கள் செய்த பாட்டு தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகள் வரை போயிற்று. அதைக் கொண்டுபோனது பெரும்பாலும் கோப்புகளும், அவற்றைக் கைமாற்றிய இளைஞர்களும்தான். மறு ஆண்டே பொல்லாதவன் படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. பிறகு ஆடுகளம், விவேகம். 2016-இல் கபாலியில் ரோஷன் ஜாம்ராக் ராப் பாடினார். முகேன் ராவை 2019-இன் பிக் பாஸ் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் கொண்டுபோனது.

இந்தக் கதையை மலேசியத் தமிழரின் வெற்றிக் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமைக்குள் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. வல்லவனைக் கேட்டவர்கள் எத்தனை பேர், வாங்கியவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களும் ஒன்றையொன்று நெருங்கவே வாய்ப்பில்லை. சென்னையிலிருந்த மாணவர் அதை வாங்க நினைத்திருந்தாலும் அவர் ஊர்க் கடையில் எளிதாகக் கிடைத்திருக்காது. பரவல் புகழைத் தந்தது. புகழ் படவாய்ப்பைத் தந்தது. படவாய்ப்புத்தான் பணத்தைத் தந்தது. தன் ஆல்பத்தை விற்று வாழ முடியாத கலைஞர், சினிமா கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டியவராகிறார். சினிமா கூப்பிடாதவர்கள்? ஹேவக் பிரதர்ஸ், ராபிட் மேக், சந்தேஷ் என்று இந்த நாட்டில் சொந்தப் பாட்டுக்குச் சொந்த ரசிகர்களைச் சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் இரவில் கார்ப் பட்டறை வேலை முடித்துவந்து வீட்டு அறையில் பதிவு செய்யும் இளைஞர்கள் எத்தனையோ பேர்.

நண்பருக்குத் தெரிந்ததும் செயலிக்குத் தெரிந்ததும்

ஆய்வாளர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்தால், நம் அனுபவத்தோடு பொருந்துவது நிறைய இருக்கிறது. காட்ஸும் லாசர்ஸ்ஃபெல்டும் 1955-லேயே, ஊடகத்தின் செய்தி மக்களை நேராகத் தொடுவதைவிட அவர்கள் மதிக்கும் நாலு பேர் வழியாகத்தான் அதிகம் தொடுகிறது என்று எழுதினார்கள். கிரானவெட்டர் 1973-இல் காட்டியது இன்னும் நுட்பமானது: புதிய தகவல் நெருங்கியவர்களிடமிருந்து வருவதைவிட அரைகுறைப் பழக்கமுள்ளவர்களிடமிருந்தே அதிகம் வருகிறது. நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவர் ஆராய்ந்தது வேலை தேடுபவர்களை. ஆனால் நம் குடும்பப் புலனக் குழுவைத் திறந்து பாருங்கள்: ராகா வானொலியில் காலையில் ஒலித்த பாட்டையே அத்தையும் மச்சானும் ஆளுக்கொரு முறை அனுப்பியிருப்பார்கள். இதுவரை கேட்டிராதது வேண்டுமானால் தூரத்து ஆள்தான் வேண்டும்.

எனக்கு வாய்த்த தூரத்து ஆள் ஸ்கார்பரோவில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு பழைய ஆல்பம் பற்றிய பேச்சில் அறிமுகமானவர். குரல் மட்டும் தெரியும். அவர் சுட்டியைத் தனியாக அனுப்புவதே இல்லை. "முழுப் பாட்டும் வேண்டாம் அண்ணை, ரெண்டாவது இடையிசையிலை பேஸ் கிட்டார் என்ன செய்யுதெண்டு மட்டும் கேளுங்கோ" என்று ஒரு வரி கூடவே வரும். காஜாங்கில் எம்ஆர்டி ஏறினால் மூசியம் நெகாராவுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம். ஒரு ஆல்பத்தின் நீளம். கூட்டத்துக்குள் நின்றபடி அந்த கிட்டாரை மட்டும் துரத்திக்கொண்டு போவேன். குரலின் கீழே அது தனியாக ஒரு மெட்டைக் கட்டிக்கொண்டிருப்பது செராஸ் தாண்டுவதற்குள் பிடிபட்டுவிடும். பிடித்துவிட்டால் அவருக்கு எழுதுவேன். பிடிக்காவிட்டாலும் எழுதுவேன், ஏன் பிடிக்கவில்லை என்று. அடுத்த பரிந்துரையில் அந்தப் பதில் தெரியும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் எங்கே கேட்க வேண்டும் என்று அவர் சொல்லித்தருகிறார், நானும் என் பங்குக்கு என் காதைத் திறந்துகாட்டுகிறேன்.

செயலி செய்வது வேறு வேலை. ஸ்பாட்டிஃபை 2013 ஏப்ரலில் மலேசியாவுக்கு வந்தது. வாரந்தோறும் ஆளுக்கேற்ற பட்டியல் தரும் அதன் வசதி 2015 ஜூலையில் தொடங்கியது. இத்தகைய கணக்குகளின் ஒரு முக்கிய அடிப்படை, இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வேறு எதையெல்லாம் கேட்டார்கள் என்பது. மலேசியத் தமிழ்ப் பாட்டுக்கு இது பாதகமாகவே முடிகிறது. நம் இந்திய சமூகம் ஏறத்தாழ 20 லட்சம் பேர். தமிழ்நாட்டின் ரசிகர் கூட்டம் ஏழு கோடி. கிள்ளான் ராப் பாடகரைக் கேட்பவரும் அனிருத்தைக் கேட்கிறார், ஏ.ஆர். ரகுமானைக் கேட்கிறார். ஆகவே செயலி மேலும் அனிருத்தைத் தருகிறது. எந்தச் சதியும் இல்லை, எண்ணிக்கை இழுக்கும் பக்கம் கணக்கு சாய்கிறது. ஸ்பாட்டிஃபையின் தரவை வைத்து ஆஷ்டன் ஆண்டர்சனும் சகாக்களும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது: செயலி தருவதையே அதிகம் கேட்பவர்களின் இசை வட்டம் குறுகலாக இருக்கிறது, தாமே தேடிக் கேட்பவர்களின் வட்டம் விரிந்திருக்கிறது. பல வகை இசை கேட்பவர்கள்தான் கட்டணம் கட்டிச் சேர்வதற்கும் நீடித்திருப்பதற்கும் அதிக வாய்ப்புள்ளவர்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு. விரிந்த காதுக்கும் காசு கொடுக்கும் கைக்கும் தொடர்பு இருக்கிறது.

நண்பர்களையும் முழுதாக நம்பிவிட முடியாது. சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில் 14,000-க்கும் மேற்பட்டோருக்குப் பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளைக் கொடுத்தார்கள். சிலருக்கு மற்றவர்கள் எத்தனை முறை இறக்கினார்கள் என்ற எண்ணையும் காட்டினார்கள். எண்ணைப் பார்த்தவர்களிடையே பிரபலமான பாட்டு மேலும் பிரபலமாயிற்று, எது பிரபலமாகும் என்பது தனித்தனிக் குழுவில் தாறுமாறாக மாறியது. மிக நல்ல பாட்டு அடியோடு தோற்கவில்லை, மிக மோசமானது பெரிதாக வெல்லவில்லை; நடுவில் இருந்தவற்றின் தலையெழுத்தை முதலில் வந்தவர்களின் விருப்பம் எழுதியது. யூடியூபில் பாட்டுக்குக் கீழே இருக்கும் பார்வை எண் நமக்குச் செய்வதும் அதுதான். இசைக் குழுக்களிலும் முதலில் பேசும் இரண்டு பெரியவர்கள் நன்றாக இருக்கிறது என்றால் மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். நான் அறிந்த குழுக்களில் பெரும்பாலானவற்றில் நாற்பது தாண்டிய ஆண்களே நிறைந்திருக்கிறார்கள். 80களின் இளையராஜாவைவிட்டு வெளியே வர அவர்களுக்கு மனமில்லை. பெண்களின் குரல் அங்கே மிகக் குறைவு. இருபது வயதுக்காரர்கள் டிக்டாக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் முப்பது விநாடித் துண்டுகளில் தங்கள் பாட்டைக் கண்டெடுக்கிறார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கேட்பதே இல்லை, இழப்பு இரு பக்கமும்.

காசு எங்கே நிற்கிறது

இப்போது வாங்குவதற்கு வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வாங்குவது என்ற செயலே கண்ணில் படாமல் போய்விட்டது. மாதக் கட்டணத்தை ஒருமுறை கட்டிவிட்டால் எந்தப் பாட்டுக்கும் தனியாக யோசிக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டணத்திலும் 2020 முதல் 6 விழுக்காடு சேவை வரி, 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. கட்டிவிட்டோம், கலைஞருக்குப் போய்விடும் என்று ரசிகர் நினைக்கிறார். ஸ்பாட்டிஃபை 2024-இல் கொண்டுவந்த விதிப்படி, ஓராண்டில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டின் பதிவுக்கு எந்த உரிமத்தொகையும் இல்லை.

இதைக் காஜாங் அளவில் வைத்துப் பார்ப்போம். அறையில் பதிவு செய்த ஒரு பாடகரின் பாட்டை நண்பர்கள் வழியே 300 பேர் அறிந்து, ஆளுக்கு மூன்று முறை கேட்டால் 900. ஓராண்டுக்குள் இவ்வளவு உண்மையான ரசிகர்களைச் சேர்ப்பது ஒரு புதியவருக்குச் சாதனை. அவருக்குக் கிடைப்பது பூஜ்யம். அந்த 300 பேரில் 20 பேர் ஐந்து வெள்ளிக்கு அந்தப் பாட்டை வாங்கியிருந்தால் 100 வெள்ளி. ஒரு மைக் கம்பிக்கும் அடுத்த பதிவின் தேநீருக்கும் ஆகும். தொகை சின்னதுதான், ஆனால் அடுத்த பாட்டு உண்டா இல்லையா என்பதை இந்த அளவுத் தொகைகள்தான் தீர்மானிக்கின்றன.

பெரிய வெற்றிகூடக் காசுக்கு உத்தரவாதமில்லை. 2021-இல் உலகமெல்லாம் ஒலித்த எஞ்சாயி எஞ்சாமியின் வருமானம் கலைஞர்களுக்கு வந்து சேரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னபோது, அதைக் கோடிக்கணக்கில் கேட்டவர்கள் திகைத்தார்கள். திரைப்பாட்டுக்குத் தயாரிப்பாளர் முன்பணம் கொடுக்கிறார், உரிமையை ஒலிநிறுவனம் வாங்குகிறது. நாம் வாங்காவிட்டாலும் இசைக்கலைஞர் ஒரு ஊதியம் பார்த்துவிடுகிறார். சுயாதீனக் கலைஞருக்கு அந்த முன்பணமும் இல்லை. ஆகவே திரைப்பாட்டைப் பரிந்துரைப்பதும் சுயாதீனப் பாட்டைப் பரிந்துரைப்பதும் ஒரே காரியமல்ல என்பது என் உறுதியான கருத்து.

சொல்லும் இடத்தையும் வாங்கும் இடத்தையும் மறுபடி பக்கத்தில் வைத்த முயற்சிகளில் பேண்ட்கேம்ப் முக்கியமானது. கலைஞரே விலை வைக்கிறார். கோப்பு விற்பனையில் 15 விழுக்காட்டைத் தளம் எடுத்துக்கொள்கிறது, விற்பனை ஒரு அளவைத் தாண்டினால் 10. பெருந்தொற்றில் மேடைகள் மூடியபோது 2020 மார்ச் 20 அன்று தன் பங்கை அது விட்டுக்கொடுத்தது. அந்த ஒரே நாளில் ரசிகர்கள் 43 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். ஒருவர் வாங்கியது மற்றவருக்குத் தெரியும்படி அத்தளம் அமைந்திருப்பதும் கவனிக்கத்தக்கது. நண்பரின் அலமாரியை எட்டிப் பார்த்து, அவர் காசு கொடுத்தது எதற்கு என்று அறிய முடிகிறது. சுட்டி அனுப்ப விநாடி போதும். காசு கொடுத்து வாங்கியது என்றால் அந்தப் பரிந்துரைக்கு எடை கூடுகிறது. தமிழ்க் கலைஞர்கள் அங்கே மிகக் குறைவு என்பது வருத்தத்துக்குரியது.

பழைய இசைத்தட்டுப் பித்து தனி உலகம். பெட்டாலிங் ஜெயாவின் அம்கார்ப் மாலில் வாரக்கடைசியில் கூடும் பழம்பொருள் சந்தையிலும் அங்குள்ள தட்டுக் கடைகளிலும் தமிழ்த் தட்டுகளைப் புரட்டுபவர்களைப் பார்க்கலாம். எந்தப் பதிப்பு நல்ல ஒலி என்று அவர்களுக்குச் சொல்லித்தருபவர்கள் வெளிநாட்டு நண்பர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கும் பதிவுபெற்ற விற்பனையாளர்கள் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி வாங்குகிறார்கள். பழைய தட்டுக்குக் கொடுக்கும் காசு கலைஞரைச் சேர்வதில்லை, முந்தைய உரிமையாளரைச் சேர்கிறது. ஆனால் தட்டைப் பேணுபவர்கள் இல்லாவிட்டால் பல பதிவுகள் அழிந்தே போயிருக்கும்.

நம் உள்ளூர் ஒலிநாடாக்களுக்கு அந்தப் பேணுதலும் வாய்க்கவில்லை. 80களிலும் 90களிலும் இங்கே வெளிவந்த தமிழ் நாடாக்களில் பலவற்றை எந்தச் செயலியிலும் தேடிப் பெற முடியாது. வீட்டு அலமாரியில் பூஞ்சை பிடித்துக் கிடந்ததை யாரோ ஒருவர் கணினியில் ஏற்றி நண்பர்களுக்கு அனுப்பும்போதுதான் இப்படி ஒரு பாட்டு நம் ஊரில் பிறந்தது என்றே தெரியவருகிறது. கேட்டுவிட்டுக் காசு கொடுக்க விரும்பினாலும் யாரிடம் கொடுப்பது? வெளியிட்ட நிறுவனம் மூடியிருக்கும், பாடியவர் இறந்திருப்பார், பிள்ளைகளுக்கு உரிமை பற்றித் தெரியாது. உறையில் அச்சான பெயர்களை எழுதிவைத்து, குடும்பத்தைத் தேடிப் பிடித்து, அவர்கள் ஒப்புதலோடு மறுபடி விற்பனைக்கு வைக்கும் வேலையை ஏதாவது ஒரு பல்கலைக்கழகமோ கலை அமைப்போ பொறுப்பேற்றுச் செய்ய வேண்டும். அதுவரை இணைய நண்பர்கள் செய்யும் அரைகுறைச் சேமிப்பே நமக்கிருக்கும் ஆவணக் காப்பகம்.

உயிரோடு இருந்து பாடிக்கொண்டிருப்பவர்களுக்கு வழி இவ்வளவு சிக்கலாக இல்லை. நான் இருக்கும் ஒரு சிறு குழுவில், சுயாதீனப் பாட்டைப் பகிர்ந்தால் அடுத்த வரியில் அதை வாங்கும் இடத்தையும் போட வேண்டும் என்று வழக்கம் வைத்திருக்கிறோம். விற்கும் பக்கம் இல்லாத பாடகரிடம் நேராகவே கேட்டுவிடுகிறோம். பெரும்பாலும் வியப்போடு ஒரு டியூட்நவ் எண்ணை அனுப்புகிறார்கள். 2023 நவம்பரில் அது சிங்கப்பூரின் பேநவ்வோடு இணைக்கப்பட்டதால், ஜூரோங்கில் இருக்கும் ரசிகர் காஜாங் பாடகருக்குக் கைப்பேசி எண்ணை வைத்தே பணம் அனுப்ப முடிகிறது. ஸ்கார்பரோக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர் பேண்ட்கேம்பில் பக்கம் திறக்கச் சொல்லி நம் பாடகர்களைத் துளைத்துக்கொண்டிருக்கிறார். திறந்தவர்களிடம் வாங்கவும் செய்கிறார்.